ஒரே நூல், இரண்டு பிரபுக்கள்

எண்பதுகளின் நடுவில் பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஓய்வு நாட்களில் லா சப்பலுக்கு அருகேயிருந்த நூலகத்தில் அகராதியோடு உட்கார்ந்து ஒரு பிரெஞ்சுக் கட்டுரையைத் தமிழாக்கினேன். ஐந்நூறு வருடங்களுக்கு முன் பழைய கிரேக்க நூல்களை லத்தீனில் பெயர்த்து, ஓரத்தில் குறிப்பெழுதி, பிரபுக்களுக்குச் சமர்ப்பணம் செய்த இத்தாலிய அறிஞர்களைப் பற்றியது அது. கோப்பை கழுவுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அறைத்தோழர்கள் கேட்டார்கள். எனக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பன்னிரண்டு பக்கங்களும் வெளிவராவிட்டால் செத்துவிடுவேன் போலிருந்தது.

அந்த அறிஞர்களைப் போலவே நானும் புரவலர் தேடினேன். ஃபொபூர் சேன்-தெனி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை, தன் கடையிலிருந்த போட்டோகொப்பி மெஷினில் ஐம்பது பிரதி எடுத்துத் தர ஒப்புக்கொண்டார். ஆசை யாரை விட்டது? லூயி-பிளாங் வீதியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவரிடமும் கேட்டேன். அவரும் ஐம்பதுக்குச் சம்மதித்தார். ஆளுக்கொன்றாக இரண்டு சமர்ப்பணப் பக்கங்கள் எழுதினேன். "வள்ளல்", "தமிழன்னையின் தவப்புதல்வர்" எல்லாம் இரண்டிலும் உண்டு.

சிக்கல் என் ஏழாவது அடிக்குறிப்பில் இருந்தது. சில அறிஞர்கள் ஒரே மொழிபெயர்ப்பை இரண்டு பிரபுக்களுக்குத் தனித்தனியே சமர்ப்பித்த கதையை அதில் விளக்கியிருந்தேன். வெட்டிவிடலாம்தான். ஆனால் அதற்காக மூன்று வாரம் மண்டையை உடைத்திருந்தேன், மனம் வரவில்லை. தன் பெயர் உள்ள பக்கத்தைத் தாண்டி யார் வாசிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அண்ணை வாசித்தார். முருங்கைக்காய்ப் பெட்டிக்குமேல் தாள்களை விரித்து, குறிப்புகளையும் விடாமல் வாசித்தார்.

"தம்பி, உன்ரை ரெண்டாவது பிரபு ஆர்?"

உண்மையைச் சொன்னேன். பன்னிரண்டு பக்கமும் போயிற்று என்றே நினைத்தேன்.

"அவரை என்னைவிடக் கூடப் புகழ்ந்தனியோ?"

"இல்லை அண்ணை. எல்லாம் ஒரே வசனம். பேரை மட்டும்தான் மாத்தினனான்."

கடை அதிரச் சிரித்தார். பிறகு தாள்களை மறுபடி புரட்டினார்.

"என்ரை பேர் இருக்கு. செத்துப்போன அறிஞர்மாரின்ரை பேரெல்லாம் இருக்கு. உன்ரை பேர் எங்கை?"

தேடினேன். எங்கும் இல்லை. சமையலறையில் என்னை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார்கள். விசா வரிசையில் நான் ஓர் இலக்கம். என் பெயரை எழுத வேண்டும் என்று எனக்கே தோன்றாமல் போனது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அண்ணை காதில் செருகியிருந்த பேனையை நீட்டினார். முதல் பக்கத்தின் ஒரு மூலையில் எழுதப்போனேன்.

"நடுவிலை எழுது தம்பி. பெரிசா எழுது. மெசினிலை வடிவா விழவேணும்."