கோர்ட் வாசலோடு நின்றுபோன சந்தன மாலை

பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துவது என் வேலை. ஒரு வட்டம் சட்டம் இயற்றும். இன்னொன்று அதை நிறைவேற்றும். மூன்றாவது, முதல் இரண்டும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும். டில்லியிலும் இந்த மூன்று உண்டு, மாநிலத்திலும் உண்டு என்று சொல்லி, நடுவே அம்புக்குறிகள் போடுவேன். பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. அதற்கு மேல் அந்த வட்டங்களோடு எனக்கு எந்தச் சங்காத்தமும் இருந்ததில்லை.

ஒரு புதன்கிழமை ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பின்பக்கம் ஓடும் மழைநீர்ப் பெருங்கால்வாயின் இடத்தில் வீடு கட்டியிருக்கிறோமாம். ஏழு நாளில் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடித்துவிடுவார்கள். மாமனார் கட்டிய இரண்டு அறை, நாங்கள் சேர்த்துக் கட்டிய ஒரு மாடி, அவ்வளவுதான் வீடு. வந்தவர்களில் ஒருவர் தெருப்பக்கச் சுவரில் சிவப்புப் பெயின்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்தச் சுவரின் உள்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துதான் நான் விடைத்தாள் திருத்துவேன். அன்றிலிருந்து அதில் சாய மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் கல்யாண மண்டபங்களுக்கும் கூட்டங்களுக்கும் மைக் செட் போடுகிறவர். இத்தனை வருஷமாக மேடைக்குக் கீழே நின்று அவர் பார்த்துவந்தது ஒரே காட்சி. இந்த ஊரில் ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால் தலைக்கு மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகை, தோளுக்குச் சால்வை, கழுத்துக்குச் சந்தனச் சீவல் மாலை, கையில் பழக்கூடை. இந்த நாலும் சேர்ந்தது ஒரு செட். செட் வாங்கிக்கொண்ட மனுஷன் முகம் சுளித்ததாக அவர் சரித்திரத்திலேயே இல்லை. எனவே நோட்டீஸைப் படித்து முடித்ததும் சிவாஜிநகருக்குப் போய் இரண்டு செட் வாங்கி வந்துவிட்டார்.

"இடிக்க வர்றாங்கன்றேன், நீங்க பேட்டா வாங்கினு வந்து நிக்கிறீங்க!" என்று கத்தினேன்.

"எம்.எல்.ஏ.வுக்கு ஒண்ணு, ஆபீசருக்கு ஒண்ணும்மா. வெறுங்கையோட போனா யாரு மதிப்பாங்க?" என்றார்.

எதிர்வீட்டுக்காரரோ, இது ராணுவத்தின் பழைய கன்டோன்மென்ட் இடம், டில்லிக்கு எழுதிப் போடுங்கள் என்றார். ஏழு நாளில் டில்லி எங்கே, நான் எங்கே!

வீட்டுக்காரரைச் சொல்லி என்ன? நானும் மறுநாள் எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தானே போனேன்! முதல் வட்டத்துக்கு இடிப்பதை நிறுத்தும் வேலை கிடையாது என்று பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியவள், கூடையில் ஆப்பிளை அடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். வீடு போகப்போகிறது என்றால் படித்ததெல்லாம் எங்கோ பறந்துவிடுகிறது. எம்.எல்.ஏ. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மாலை போட்டுக்கொண்டார், போட்டோ எடுக்க நின்றார், லெட்டர்பேடில் ஒரு கடிதமும் கொடுத்தார். வெளியே வரும்போது பார்த்தேன். எங்கள் மாலை மேசையில் இன்னும் ஆறு மாலைகளோடு கிடந்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தோடும் இரண்டாவது செட்டோடும் நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த இன்ஜினியர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வீட்டுக்காரர் சால்வையைப் பிரிக்கவும், அவர் பதறிப்போய்க் கூரையில் இருந்த கேமராவைக் கையால் காட்டினார். பேட்டாவை எங்கே மறைப்பது என்று தெரியாமல் இவர் அதைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இதுல 'தயவுசெய்து பரிசீலிக்கவும்'னு இருக்கு மேடம்," என்றார் இன்ஜினியர், கன்னடமும் தமிழும் கலந்து. "பரிசீலனை பண்ணிட்டேன். எனக்கு மேல இருந்து இடிக்கச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. இடிக்கத்தான் எனக்குப் பவர், நிப்பாட்ட இல்ல. நிப்பாட்டணும்னா எனக்கு இன்னொரு ஆர்டர் வேணும்."

"அதை யாரு குடுப்பா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க டீச்சர்தானே மேடம்?"

வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா வக்கீல். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் வீட்டில் உட்கார்ந்து பழைய பத்திரம், வரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தேன். திங்கள் ஹைகோர்ட்டில் மனு போட்டார். அவசரம் என்று கேட்டு, செவ்வாய்க்கிழமைக்கு எடுத்துக்கொள்ள வைத்தார். கெடுவில் அது ஆறாவது நாள்.

செவ்வாய் காலையில் விதான சௌதா எதிரே இறங்கினோம். சட்டம் செய்கிற வெள்ளைக் கட்டடம் இந்தப் பக்கம், ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடம் அந்தப் பக்கம். நடுவே ஒரு ரோடு. பஸ்ஸில் எத்தனையோ முறை இந்த வழியே போயிருக்கிறேன். சிவப்பாக இருப்பது விதான சௌதாவின் இன்னொரு ஆபீஸ் என்று என் வீட்டுக்காரர் அன்றுவரை நினைத்திருந்தார். திரும்பிப் பார்த்தால் அவர் கையில் அதே இரண்டாவது செட்!

"ஜட்ஜய்யாவுக்கு," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்குள் வாசலில் பைகளைச் சோதித்த போலீஸ்கார அம்மா கூடையைப் பார்த்துவிட்டார். நாங்கள் பேசியதைக் கேட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"இது யாருக்குண்ணா?"

"உள்ள இருக்கிற ஐயாவுக்கு. சின்ன மரியாதை."

"நல்லா இருக்கு போங்க! இத உள்ள விட்டா என் வேலை போயிடும், உங்க கேஸும் போயிடும். அந்த ஐயா யாருகிட்டயும் மாலை வாங்க மாட்டாரு. ஓரமா வெச்சிட்டு உக்காருங்க."

வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. எனக்கோ, ஆறு நாளில் முதன்முறையாக நெஞ்சில் ஏதோ இளகியது. மாலை நுழையாத ஒரு வாசல் இந்த ஊரில் இருக்கிறதே என்று நினைத்தேன். மாலையே செல்லாத இடத்தில், மாலை வாங்க வக்கில்லாதவர்களும் நிற்கலாம். அவரைக் கூடையோடு வெளியே உட்கார வைத்துவிட்டு வக்கீலோடு உள்ளே போனேன்.

மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எங்கள் வழக்கு ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை. நீதிபதி என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலிடம் இரண்டே கேள்வி கேட்டார். நோட்டீஸுக்கு முன்னால் இவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அளந்தபோது இவர்கள் கூட இருந்தார்களா? அவர் விவரம் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டும் என்றார். அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லி நீதிபதி அடுத்த வழக்குக் கட்டை எடுத்துவிட்டார்.

வெளியே ஓடிவந்து விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் பழக்கூடையின் கண்ணாடித் தாளைக் கிழித்து ஒரு ஆப்பிளை என்னிடம் நீட்டினார். நடைபாதையில் உட்கார்ந்து கூடை முழுவதையும் தின்று தீர்த்தோம். போலீஸ்கார அம்மாவுக்குக் கொடுத்தோம், அதையும் அவர் வாங்கவில்லை. அப்படியொரு பசி என் ஆயுசில் எடுத்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து, எங்களையும் வைத்துக்கொண்டு திரும்ப அளக்கச் சொன்னது கோர்ட். அதே இன்ஜினியர் பழைய வரைபடத்தோடும் டேப்போடும் வந்தார். முதலில் அளந்தவர்கள் தவறான எல்லைக்கல்லிலிருந்து தொடங்கியிருந்தார்கள். கால்வாயின் இடம் எங்கள் பின்சுவரைத் தொடாமல், ஓரடி அந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அவரே தாளோடு வந்தார்.

"நிப்பாட்ட இப்ப ஆர்டர் இருக்கு மேடம்," என்றார். அவர் முகத்திலும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் உள்ளே ஓடி அந்தச் சந்தன மாலையை எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் கேமரா கிடையாது. இருந்தும் இன்ஜினியர் கும்பிட்டுவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

மாலையோடு சற்று நேரம் வாசலிலேயே நின்ற இவர், சுத்தியலைத் தேடி எடுத்துச் சிவப்புக் குறியின் நட்டநடுவில் ஒரு ஆணி அடித்தார். மாலையை அதில் மாட்டினார். மூன்று முறை எடுத்தும் யார் கழுத்துக்கும் எட்டாத மரியாதை கடைசியில் சுவருக்குக் கிடைத்தது. நான் உள்ளே போய் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் என் முழு எடையும் கொடுத்துச் சாய்ந்தேன். அது பாட்டுக்கு நின்றது.