பிடிபட்ட துகள்தானே!

செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறையின் தலைவருக்கு அங்கே வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'ஆகட்டுங்கய்யா'. மேலிடம் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வரும் ஒரே பதில் அதுதான். அவருக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மேஜைக்கு வரும் எந்த அறிக்கையிலும் தலைப்பைத் தாண்டிப் படித்த பாவத்தை அவர் செய்ததே இல்லை. 'பூமியின் காந்தப்புலத்தில் பிடிபட்ட துகள்கள்' என்ற அறிக்கையையும் அப்படித்தான் படித்திருந்தார்.

ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. பதவி நீட்டிப்புக்காக நாயாய் அலைந்துகொண்டிருந்த சமயத்தில் மேலிடத்து விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். செயற்கைக்கோளில் இருக்கும் கேமரா அனுப்பும் படத்தை நேரடியாகப் பார்க்க வேண்டுமாம்.

"ஆகட்டுங்கய்யா!"

அந்தக் கேமராவை உருவாக்கிய பெண் பொறியாளர் பதறிப்போய் அவரைக் கதவோரம் அழைத்தாள். "சார், செயற்கைக்கோள் இப்ப பூமியச் சுத்தி இருக்கற துகள் பட்டைக்குள்ள போகப்போகுது. கேமராவ அணைச்சாகணும். இல்லன்னா செத்துப்போயிடும். நீங்க உத்தரவு போட்டாத்தான் அணைக்க முடியும்."

"அட, எல்லாம் பிடிபட்ட துகள்தானேம்மா! பூமியே புடிச்சு உள்ள போட்டு வச்சிருக்கு. அது என்ன பண்ணிடும்?"

அடப் பாவி மனுஷா! அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"புடிச்சதுன்னா கைகால கட்டிப் போட்டதில்ல சார். மின்னூட்டம் இருக்கறதால காந்தப்புலக் கோட்ட விட்டுப் போக முடியாம அதையே சுத்திச் சுத்தி ஓடும். துருவத்துக்கிட்ட புலம் பலமா இருக்கும், அங்க திருப்பி விரட்டிடும். உடனே அடுத்த துருவத்துக்கு ஓடும். வேகம் மட்டும் குறையாது. அந்த ஜெயிலுக்குள்ளதான் நம்ம கேமரா நுழையுது."

"பெரியவங்க முன்னாடி என் மானத்த வாங்காதம்மா. போய் உக்காரு."

திரையில் வெள்ளைப் புள்ளி ஒன்று விழுந்தது. பிறகு உப்பை அள்ளிக் கொட்டியது போல் புள்ளிகள்.

"ஆஹா, எத்தனை நட்சத்திரம்!" என்று விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதங்கய்யா" என்று அவர் நெளிந்தார்.

திரை முழுக்க வெளுத்து, பிறகு கறுத்தது. படம் முடிந்துவிட்டதாக அவர் அறிவித்தார். பதவி நீட்டிப்பு உறுதி என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப அணைக்கலாமா சார்?"

"தாராளமா அணைச்சுக்கம்மா" என்றார், பெரிய மனது பண்ணி.