செத்துவிட்டதாகச் சொன்ன ஹார்ட் டிஸ்க்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்களில் அடுத்த வருடக் காலண்டரின் சாம்பிள் ஆல்பம் வெளியாகும். அதைத் தூக்கிக்கொண்டு வெளியூர்களுக்கு ஆர்டர் பிடிக்கக் கிளம்பும் ஆட்களில் நானும் ஒருவனாக இருந்தேன். வீடு விருதுநகரில். அத்தா, அதாவது என் தகப்பனார், மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்தார். எனக்கு மண்டியில் உட்கார முடியாது, தும்மல் நிற்காது. ஊர் ஊராகச் சுற்றும் வேலை பிடித்திருந்தது. ஆனால் சீசன் தொடங்கிவிட்டால் மார்கழி முடியும்வரை வீட்டில் தங்குவது அபூர்வம். மகள் பிறந்த பிறகு லாட்ஜ் அறைகளை நினைத்தாலே கசந்தது.

அந்தச் சமயத்தில்தான் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பெரியத்தா மகன் ஒரு எம்பி3 பிளேயரைக் கொடுத்தான். வெள்ளி நிறம், கையில் வைத்தால் நல்ல கனம். இருபது ஜிபி. அன்று எங்கள் அச்சகத்தின் பாதி கம்ப்யூட்டர்களில்கூட அவ்வளவு இடம் கிடையாது. பாட்டுக் கேட்கலாம், எஃப்எம் கேட்கலாம், அதிலேயே இருந்த சின்ன மைக்கில் குரலையும் பதியலாம்.

அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் என் நண்பன். எங்கள் அச்சகத்தின் டிசைன் பிரிவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, திருத்தங்கலில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டிருந்தான். பெருநாளைக்கு எங்கள் வீட்டுப் பிரியாணிக்கு அவன் வராமல் இருந்ததில்லை. என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான்.

“மாப்ளே, இது கேசட்டு மாதிரி இல்ல. உள்ள ஒரு தட்டு சுத்துது. அது மேல ஊசி ஒண்ணு தொட்டும் தொடாம ஓடுது. சுத்துறப்ப ஆட்டினன்னா ஊசி தட்டுல இடிச்சுரும். அம்புட்டுதான், முடிஞ்சுச்சு” என்றான்.

“பஸ்ஸுல கேக்க முடியாதா?”

“கேக்கலாம். நாலஞ்சு பாட்ட மொத்தமா அள்ளி மெமரில வச்சுக்கிட்டு டிஸ்க் நின்னுரும். மறுபடி அள்ளுறப்பதான் சுத்தும். அந்த நேரம் பஸ்ஸு பள்ளத்துல விளாம இருந்தாச் சரி.”

ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்குப் போகும் ரோட்டில் பள்ளம் இல்லாத இடத்தைத் தேட வேண்டும். பிளேயரைக் காதோரம் வைத்தால் டிஸ்க் சுற்றத் தொடங்கும் மெல்லிய இரைச்சல் கேட்கும். அது அடங்கும்வரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே பயணம் செய்யப் பழகினேன்.

என் மனைவி என் மாமா மகள். கல்யாணத்துக்குப் பிறகும் மச்சான் என்றே கூப்பிட்டாள். நன்றாகப் பாடுவாள், ஆனால் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் அது தெரியாது. ஆட்கள் இருந்தால் முணுமுணுக்கக்கூட மாட்டாள். மகளைத் தூங்கவைக்கும்போது தாலாட்டில் தானாக வரி கட்டிச் சேர்ப்பாள். பால்காரர் வராதது, மொட்டை மாடிக் குரங்கு, எல்லாம் அதில் வரும். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“காலண்டர் விக்கப் போன அத்தா
எந்த ஊரு லாட்ஜுலயோ,
கட்டில் நெறைய மூட்டப்பூச்சி
கண்ணு மூடித் தூங்குனாகளோ.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பதிந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். ஒரு வாரம் மறுத்தாள்.

“உங்க காதத் தவிர வேற காதுக்குப் போகக் கூடாது மச்சான்.”

“போகாது.”

அப்படித்தான் அவள் பாடினாள். ஏழெட்டுப் பாட்டு இருக்கும். வளையல் சத்தமும் தொட்டில் கயிறு கிரீச்சிடுவதும் சேர்ந்தே பதிந்தன. மகள் முதன்முதலில் அத்தா என்றதும் அதில் இருந்தது. மற்ற இடமெல்லாம் சினிமாப் பாட்டு. என்னிடமிருந்த கேசட்டுகளை எல்லாம் நண்பனின் கடையில் வைத்துப் பொறுமையாக அதில் ஏற்றியிருந்தேன். ஏற்றி முடித்ததும் கேசட்டுகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

“ஒரு காப்பி என் கம்ப்யூட்டர்ல போட்டு வைக்கவா? எந்த டிஸ்க்கையும் நம்ப முடியாது” என்று நண்பன் ஒருமுறை கேட்டான்.

“வேணாம்லே. வீட்டுல பாடுனது இருக்கு. அவளுக்குப் பிடிக்காது” என்றேன்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த சீசனில், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு லாட்ஜில், பிளேயர் நின்றுபோனது. ஆன் செய்தால் டிக், டிக் என்று உள்ளே ஏதோ தட்டியது. பிறகு திரை வெளுத்தது. அன்று மதியம் பஸ்ஸில் பை மேல்தட்டிலிருந்து விழுந்திருந்தது. ஊர் திரும்பியதும் நேராகத் திருத்தங்கலுக்குப் போனேன். நண்பன் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“தட்டுல கோடு விளுந்துருச்சு மாப்ளே. ஒண்ணும் எடுக்க முடியாது. டிஸ்க் செத்துப் போச்சு.”

“ஒரு பாட்டுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல. நீ பாத்து என்ன செய்யப் போற? பிளேயர இங்கனயே போட்டு வையி, வேற டிஸ்க் கிடைச்சா மாத்தித் தாரேன்.”

கண் கலங்கிய என்னை டீக்கடைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்ததும் அவன்தான். வீட்டில் சொன்னபோது என் மனைவி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

“நல்லதாப் போச்சு. இனிமே நேர்ல பாடுறேன், கேட்டுக்கோங்க.”

அப்போதுதான் ஊரில் எல்லோர் கைக்கும் கேமரா வைத்த போன் வரத் தொடங்கியிருந்தது. பாட்டு ஏற்றித் தரும் கடைகளில் கூட்டம். நண்பன் கடையிலும் அந்தத் தொழில் சேர்ந்து, முன்னால் கண்ணாடி ஷோகேஸ் வந்தது. நான் சந்தோஷப்பட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை முடித்தவர்கள் கையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்கப் பஸ்ஸுக்குள் நின்றிருந்தார்கள். ஆமத்தூர் தாண்டும்போது எனக்கு முன்னால் நின்றவரின் சட்டைப் பையில் போன் அடித்தது. முதலில் வளையல் சத்தம். பிறகு, “காலண்டர் விக்கப் போன அத்தா, எந்த ஊரு லாட்ஜுலயோ.”

அவர் உடனே எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் ஓடவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

என் குரல் எனக்கே கேட்காத மாதிரி, “அண்ணே, இந்த டோன் எங்க ஏத்துனீக?” என்றேன்.

“திருத்தங்கல்லதான். நல்லா இருக்குல்ல? எங்க கம்பெனில பாதிப் பேரு இதத்தான் வச்சிருக்காங்க. உங்களுக்கும் வேணும்னா புளூடூத்துல அனுப்புறேன்.”

வேண்டாம் என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்துத் திருத்தங்கலுக்குத் திரும்பிப் போனேன்.

நண்பன் ஒரு பையனின் போனுக்குப் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பையன் போகும்வரை நின்றேன். பிறகு பஸ்ஸில் கேட்டதைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

“டிஸ்க் அப்ப முழுசா சாகல மாப்ளே. ஆற வச்சு மாட்டினா கொஞ்ச நேரம் ஓடும், நின்னுரும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமா எடுத்தேன். கடைக்குப் பாட்டு வேணும். உன்கிட்ட இருந்தது மாதிரி யாருகிட்டயும் கிடையாது.”

“எங்கிட்ட ஏன்லே சொல்லல?”

“சொன்னா எல்லாத்தையும் கேப்ப. வெளிய விடாதம்ப.”

“சினிமாப் பாட்ட எடுத்துக்க. இது எங்க வீட்டுப் பாட்டுன்னு உனக்குத் தெரியுமே.”

“பேரு எதுவும் போடலயே. யாரு குரலுன்னு எவனுக்குத் தெரியும்? தங்கச்சி எம்புட்டு நல்லாப் பாடுறாக. நாலு பேரு கேக்கட்டுமேன்னு தோணுச்சு.”

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டவன் போல் இருந்தான். நான் கேட்டதும் கம்ப்யூட்டரில் இருந்ததை என் கண் முன்னால் அழித்தான். போன் போனாகப் பரவியதை யார் அழிப்பது? டிஸ்க்கைக் கொடு என்றேன். மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து, கடைசியாக ஒருமுறை மாட்டிக் காட்டினான். டிக், டிக். இப்போது நிஜமாகவே செத்திருந்தது. தனக்கு வேண்டிய பாட்டுகளை எடுக்க அதை ஓட்டி ஓட்டியே தேய்த்திருந்தான். தாலாட்டில் அவன் எடுத்தது அந்த ஒன்றுதான். அதையும் அப்போதுதான் அழித்திருந்தான். மற்றவையும் மகளின் முதல் பேச்சும் போய்விட்டன.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். அதற்குள் அவளுடைய அண்ணன் வந்துவிட்டார். வத்தல் மண்டியில் லோடு இறக்குகிற ஒருவரின் போனில் கேட்டிருக்கிறார். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

“எங்க வீட்டுப் பொண்ணு குரல் மண்டியில லோடுமேன் பையில கெடக்கு. இத யாருக்கு மாப்ள குடுத்தீக?”

நடந்ததை எல்லாம் சொன்னேன். டிஸ்க் செத்துப் போச்சு என்று நண்பன் சொன்னதை நம்பினேன் என்றேன். அவர் கேட்டுவிட்டு எழுந்துகொண்டார். உள்ளறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மூட்டப்பூச்சி வரியும் வருதா?”

“வருது.”

பிறகு அவள் பாடவில்லை. நானும் கேட்கவில்லை. பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. சோறு போட்டாள், ஊர் நிலவரம் சொன்னாள், சீசனுக்குக் கிளம்பும்போது பையில் முறுக்கு வைத்தாள். ஆனால் நான் போனை எடுத்தால் அறையை விட்டுப் போய்விடுவாள்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் பழப்பை. கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போவதாகவும், போவதற்கு முன் பார்க்க வேண்டும் என்று தோன்றியதாகவும் சொன்னான். உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். நீங்க அத வெளிய விட்டது அவுகளுக்கு முன்னாடியே தெரியுமா?”

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். “மாப்ளைக்கு எதுவும் தெரியாது தங்கச்சி. டிஸ்க் செத்துப் போச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன்.”

“சரி. போயிட்டு வாங்க.”

பழப்பையை அவள் வாங்கவில்லை. அவன் அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தான்.

“இத ஏன் அவன்கிட்ட கேட்ட? நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்றேன்.

“நீங்க சொன்னீக. நெசமான்னு எனக்கு எப்படித் தெரியும் மச்சான்?” என்றாள். கோபம் இல்லாமல், சமையல் விஷயம் பேசுவதுபோல் சொன்னாள்.

அந்த ஒரு வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் என்னை நம்பியிருக்கவில்லை. அவனுடைய பொய்யை நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் நம்பினேன். என் உண்மைக்கு அவனே வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். அன்றைக்கு யார் மேல் அதிகம் கோபம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.