நான் இல்லை என்று சொன்ன குழந்தை

கல்லூரியில் தர்க்கம் கற்பிக்கச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் படகேறி எறணாகுளம் போவேன். மாணவர்கள் என்னைவிட ஐந்தாறு வயதுதான் இளையவர்கள். பாடப்புத்தகத்து உதாரணங்களைத் தப்பில்லாமல் ஒப்பிப்பார்கள். வகுப்பை விட்டு வெளியே போனதும் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வருடம் ஊரெங்கும் பெரியம்மை பயம். நகராட்சி ஆட்கள் தெருத் தெருவாக அம்மை குத்த வந்தார்கள். அவர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்போது மட்டாஞ்சேரியில் ஒரு பேச்சு கிளம்பியது. குத்திக்கொண்ட ஒரு குழந்தை மூன்றாம் நாளே செத்துப்போனதாம். அப்பா போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். ஒருநாள் சட்டையில் சாணி அப்பி வந்தார். அம்மா எதுவும் கேட்காமல் அதைத் துவைத்துப் போட்டாள்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பேச்சையே பாடமாக்கினேன். குழந்தையின் வீடு எது, பார்த்தவர் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. “ஆகவே அப்படி ஒரு குழந்தையே இல்லை” என்று முடித்தேன். சொல்லும்போது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் வந்தான். மட்டாஞ்சேரி கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். வகுப்பில் வாய் திறக்காதவன்.

“டீச்சர், நமக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?”

சரியான கேள்வி. ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. “அப்ப நீயே போய்க் கேட்டுட்டு வா” என்றேன்.

அடுத்த மூன்று நாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. வீடு வீடாகச் சாவைப் பற்றி விசாரிப்பவனை யாராவது அடித்திருந்தால்? நான்தான் அனுப்பினேன் என்று கல்லூரிக்குத் தெரிந்தால்? நான்காம் நாள் காலை படகுத்துறையில் எனக்காகக் காத்து நின்றான்.

“டீச்சர், குழந்தை உண்டு” என்றான்.

அன்று படகை விட்டுவிட்டு அவன் பின்னால் நடந்தேன். மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னே ஒரு சந்து. கிடங்கில் மூட்டை தூக்குகிறவரின் வீடு. அவர் மனைவிக்கு, அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு, என் வயதுகூட இருக்காது. அவளும் தமிழ்தான். பாயை விரித்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

பையன் மெதுவாகத்தான் கேட்டான். “அக்கா, காய்ச்சல் எப்ப வந்துச்சு?”

“குத்துறவங்க வர்றதுக்கு முந்தின ராத்திரியே மேலு சுட்டுச்சு.”

“அப்ப குத்துனதால வந்த காய்ச்சல் இல்லக்கா. அதுக்கு முன்னாலயே வந்தது.”

அப்பா தப்பித்தார் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவள், “அப்ப நான்தான் சொல்லாம விட்டேன். பிள்ளைக்குச் சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க குத்தியிருக்க மாட்டாங்க, இல்ல?” என்றாள்.

பையன் என்னைப் பார்த்தான்.

“குத்தாம விட்டிருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு யாருக்கும் தெரியாதும்மா” என்றேன்.

“தெரியாதுன்னா எதுக்கு வந்தீங்க?”

வெளியே வந்தேன். பையன் அழுதுகொண்டே வந்தான். அவனைத் தேற்றாமல் நடந்தேன்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். “காய்ச்சல் இருந்தா குத்துவீங்களாப்பா?”

“கேட்டுட்டுத்தான் குத்தணும்” என்றார். சாயாவை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “எல்லா வீட்லயும் கேட்டேனான்னா சொல்ல முடியாது. எத்தனை வீடு ஒரு நாளைக்கு! ஏன் கேக்குறே?”

சும்மாதான் என்றேன். அந்தச் சந்துக்கு அவர் போனாரா என்பதுதான் நான் கேட்க வேண்டியது. ஒரு பையனை ஊரில் போய்க் கேட்டு வரச் சொன்ன நான், என் வீட்டில் அந்த ஒரு கேள்வியைக் கடைசிவரை கேட்கவில்லை.

மறுநாள் வகுப்பில், நான் முடித்த முடிவு தவறு, குழந்தை இருந்தது உண்மை என்று சொன்னேன். ஏன் தவறு என்பதையும் கரும்பலகையில் எழுதினேன். சுண்ணக்கட்டி இரண்டு முறை உடைந்தது. கடைசி வரிசைப் பையன் தலை நிமிரவில்லை. புகார் எதுவும் வரவில்லை. அடுத்த வருடமும் என்னை வைத்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து, மழைக்கு முன், அம்மை குத்துகிறவர்கள் மறுபடி தெருக்களுக்குப் போனார்கள். அப்பா களைத்து வந்து செருப்பைக் கழற்றினார்.

“மிளகுக் கிடங்குக்குப் பின்னால ஒரு பொம்பளை நிக்குறா. ஒவ்வொரு பிள்ளை நெத்தியையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் எங்கிட்ட விடுறா. மூணு பிள்ளைங்களைக் காய்ச்சல்னு திருப்பி அனுப்பிட்டா. அந்தத் தெருவில இன்னிக்கு ஒருத்தரும் கதவைச் சாத்தல” என்றார்.

அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.