யூ-டர்ன் அக்கா

நடுக்கடலில் நிற்கிற காற்றாலைத் தூணில் கால் வைக்க ஒரே வழிதான் உண்டு. படகின் மூக்கைக் கொண்டுபோய்த் தூணில் முட்ட வேண்டும். முட்டிவிட்டு விலகக் கூடாது. இன்ஜினை முழு மூச்சில் தள்ளவிட்டு, அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். தூணில் ஏணி இருக்கும், ஏணிக்கு இரண்டு பக்கமும் பருமனான இரும்புக் குழாய்கள் இருக்கும், படகின் மூக்கில் தடித்த ரப்பர் இருக்கும். ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டால், பின்பக்கம் என்ன ஆட்டம் போட்டாலும் மூக்கு அசையாது. அந்த நேரம் பார்த்து ரிப்பேருக்குப் போகிற ஆள் ஓர் எட்டு வைத்து ஏணிக்கு மாற வேண்டும். கவ்வல் விட்டுப்போனால் படகு சரேலென்று ஓர் ஆள் உயரத்துக்கு வழுக்கும். ஆளின் கால் அப்போது நடுவில் இருந்தால் என்னாகும் என்று விளக்க வேண்டாம், கேட்டால் சாப்பாடு இறங்காது.

இந்த முட்டுகிற வேலையைக் காற்றாலை வந்த காலத்திலிருந்து செய்துவந்தவள் அக்கா. கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பிதான் என்றாலும் துறைமுகம் முழுக்க அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். காற்றாலைக் கம்பெனி மேலாளர் மட்டும் மேடம் என்பார், அதிலும் கோபம் வந்தால் மட்டும்.

பிறக்கும்போதே கடலைக் கரைத்துக் குடித்தவள் என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள். அவள் அப்பா லாரி ஓட்டியவர். கரைக்குக் கரை ஆள் ஏற்றும் படகில் டிக்கெட் கிழிக்கத்தான் அவள் முதலில் ஏறினாள். முதல் நாள் வாந்தி. மறுநாளும் வாந்தி. “நாளையிலிருந்து வராதேம்மா” என்றார் படகுக்காரர். “வாந்தி எடுக்கறது நான். உங்களுக்கு எங்க வலிக்குது?” என்று கேட்டுவிட்டு மறுநாளும் வந்து நின்றாள். டிக்கெட்டிலிருந்து கயிற்றுக்கு வந்தாள், கயிற்றிலிருந்து சக்கரத்துக்கு வந்தாள். படகு ஓட்ட லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில், தேர்வு வைத்தவர் எடுத்த எடுப்பில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். “அதுவும் பாடத்துல இருக்கா சார்?” என்றாள். மனுஷன் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

கல்யாணம் பிறகு ஆயிற்று. மாப்பிள்ளை துறைமுகத் தெருவில் சலூன் வைத்திருப்பவர், மூன்று நாற்காலி, ஒரு பழைய டிவி. “கடல்ல நீ முட்டு, கரையில நான் வெட்டறேன்” என்பார். அந்த ஜோக்கை அவர் இன்றுவரை மாற்றவில்லை, அவளும் இன்றுவரை சிரிப்பதை நிறுத்தவில்லை.

தூணில் முட்டுவதற்கு அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. மூக்கு கவ்வியதும் ஆளை அனுப்பிவிட மாட்டாள். அழுத்திப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள். பெரிய அலைகள் சில வந்து போக வேண்டும். அதற்குள் ரப்பர் ஒரே ஒரு தடவை வழுக்கினாலும் போதும், “திரும்பலாம்” என்பாள். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. அதே போல, ஏணிக்கு மாற வேண்டிய ஆள் “இன்னிக்கு வேணாம்க்கா” என்றால் அவளும் ஏன் என்று கேட்க மாட்டாள். புதுசாகக் கல்யாணமான ஒருவன் ஒரு வாரம் முழுக்க வேணாம்க்கா என்றான். படகே சிரித்தது, அவனும் சிரித்தான். ஆனாலும் யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் காற்று நன்றாக வீசியது. காற்றாலைக்காரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். அந்த நேரம் பார்த்து மூன்று காற்றாலைகள் நின்றுபோயின, மூன்றிலும் ஆள் ஏறித்தான் சரிசெய்ய வேண்டும். அக்கா டெக்னீஷியன்களை ஏற்றிக்கொண்டு போனாள். முட்டினாள். பார்த்தாள். ரப்பர் வழுக்கியது. கொஞ்சம்தான், ஒரு சாண் இருக்கும். பின்வாங்கி மறுபடி முட்டினாள். மறுபடி வழுக்கியது. “திரும்பலாம்” என்றாள். பையன்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள்.

கரையில் மேலாளர் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலே இருக்கிறவர்கள் காலையிலிருந்து போனில் அவர் தலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அலை ஒன்றரை மீட்டருக்குக் கீழதானே மேடம் இருக்கு? ஒன்றரைக்குக் கீழ இருந்தா போகலாம்னுதானே ரூல்?”

“மூக்கு வழுக்குது சார்.”

“திரையில அப்படி ஒண்ணும் தெரியலையே.”

“திரை நனையலையே சார்.”

மேலாளர் பெருமூச்சு விட்டார். “காத்துள்ளபோதே தூத்திக்கணும்னு சும்மாவா சொன்னாங்க?”

“தூத்துங்க, யாரு வேணாங்கறா? ஆனா பதர்தான் பறக்கணும், ஆள் பறக்கக் கூடாது.”

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து இரண்டாவது படகுக்காரனைக் கூப்பிட்டார். இரண்டாவது படகு யாருடையது? அக்காவின் சொந்தத் தம்பியுடையது. கயிறு பிடிக்கக் கற்றதும், மூக்கை முட்டக் கற்றதும் அவளிடம்தான். அவன் போனான். ஆட்களை இறக்கினான், திரும்ப ஏற்றினான். சாயங்காலத்துக்குள் மூன்றும் ஜம்மென்று சுற்றின. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. மறுநாள் கம்பெனி ஸ்டோர்காரர் சலூன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பாதி முகத்தில் நுரையோடு, “உங்க வீட்டு யூ-டர்ன் அக்கா எப்படி இருக்காங்க?” என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் கெக்கெக்கே என்று சிரித்தான். அக்காவின் புருஷன் வலது கன்னத்தை முடித்திருந்தார், இடது கன்னம் பாக்கி. கத்தியைத் துடைத்து மடித்து வைத்தார்.

“என்னாச்சு?” என்றார் ஸ்டோர்காரர்.

“யூ-டர்ன் எடுத்துட்டேன். மீதியை வீட்ல போய்ப் பண்ணிக்கோ.”

பாதி முகத்தோடு தெருவில் போன ஸ்டோர்காரரைப் பார்த்து அன்றைக்குத் துறைமுகமே சிரித்தது. ஆனாலும் ஒட்டிய பெயர் போகவில்லை. அக்காவுக்கு வலித்தது, ரொம்ப வலித்தது. அத்தனை வருஷம் எத்தனையோ பேரை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவளை ஒரே நாளில் கேலிப்பொருளாக்கிவிட்டார்களே! நியாயமா இது?

அன்று சாயங்காலமே மேலாளரிடமிருந்து போன் வந்தது. நாளைக் காலைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், முந்தின நாள் திரும்பியது தன் தவறு என்று அக்கா சொல்ல வேண்டும். சொன்னால் படகு அவளிடமே இருக்கும். சொல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு டீசல் போடும் மேடைக்குப் போய்விட வேண்டும்.

போன் வந்த கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அடுப்பங்கரை ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா கொடுத்த டீயை மடமடவென்று குடித்தான்.

“வாய் வார்த்தைக்கு ஒரு சாரிக்கா. சொல்லிட்டா வாயா தேஞ்சிடும்?”

“எதுக்குடா சாரி?”

“ஒண்ணும் நடக்கலையேக்கா. நான் போனேன், வந்தேன்.”

“அப்போ நான் சொன்னது சரின்னு ஆகணும்னா யாராவது செத்திருக்கணுமா? எவனாவது காலை இழந்திருந்தா நான் கெட்டிக்காரி. எல்லாரும் நல்லபடியா வந்துட்டா நான் கோழை. நல்லா இருக்குடா உங்க கணக்கு!”

உள்ளேயிருந்து புருஷனின் குரல் வந்தது. “மச்சான், விட்டுடு. அவ பிடிச்ச முயலுக்கு மூணே கால்தான்.”

“நீங்க வந்து எண்ணிப் பாத்தீங்களா?” என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள். “உண்மையைச் சொல்லு. மூக்கு வழுக்குச்சா, இல்லையா?”

தம்பி கோப்பையை எடுத்து வாயில் வைத்தான். அதில் டீ தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வெறும் கோப்பையைக் குடித்து முடித்துவிட்டு, “நேரமாச்சு, வரேன்க்கா” என்று எழுந்து போனான்.

அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. நாளைக்கு எல்லார் முன்னாலும், “என் தம்பி படகும் வழுக்குச்சு, அவன் வாயைக் கேளுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் படகு அவளுக்கு. ஆனால் தம்பி படகு போய்விடும். வழுக்குகிற மூக்கிலிருந்து ஆளை இறக்கியவனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து முடிப்பதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள்.

மேலாளரின் ஆபீசேதான் கூட்ட அறை. மறுநாள் அது நிறைந்திருந்தது. டெக்னீஷியன்கள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர்காரர் முழு முகமும் மழித்து வந்திருந்தார். தம்பி கதவோரம் நின்றான். மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், பல் தெரியச் சிரிக்கிற ஒரு தொழிலாளியின் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில்: ‘முடியாது என்று யாரும் சொல்லலாம். காரணம் கேட்க மாட்டோம்.’ கம்பெனியே அச்சடித்து மாட்டியது. தூசி தட்டி வெகுநாளாகிறது.

“மேடம் ஒரு விஷயம் சொல்லணும்னாங்க” என்றார் மேலாளர்.

அக்கா எழுந்தாள். “நான் சொல்லணும்னு சொல்லலை சார், நீங்கதான் சொல்லச் சொன்னீங்க. பரவாயில்லை, சொல்றேன். அன்னிக்கு என் தம்பி போயிட்டு நல்லபடியா வந்தான். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. என்னைவிட அதுக்குச் சந்தோஷப்பட்டவங்க இந்த ரூம்ல யாரும் இல்லை. ஆனா நான் திரும்பினது தப்பில்லை. இன்னிக்கு அதே கடல் வந்தா இன்னிக்கும் திரும்புவேன். நாளைக்கு வந்தா நாளைக்கும் திரும்புவேன். யூ-டர்ன்னு பேர் வெச்சிருக்கீங்களாமே? நல்ல பேரு. படகுலயே எழுதிடுங்க, செலவு நான் பாத்துக்கறேன்.”

மேலாளர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார், “சாவி.”

அவள் சாவியை மேஜை மேல் வைக்கவில்லை. நேரே நடந்துபோய்த் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள். “இடது பக்க இன்ஜின் காலையில கொஞ்சம் முரண்டு பிடிக்கும், திட்டாதே” என்றாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எதைச் சொல்லாமல் விட்டாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கும் ஒரு காற்றாலை நின்றிருந்தது, அன்றைக்கும் காற்று பலமாக அடித்தது. தம்பி அக்காவின் படகை எடுத்துக்கொண்டு போனான். அக்கா டீசல் மேடைத் தகரக் கொட்டகையில் கையுறை மாட்டிக்கொண்டு குழாயைத் துடைத்தாள். சுவரில் ஒரு பழைய ரேடியோ தொங்கியது. படகில் பேசினாலும் ஆபீசில் பேசினாலும் துறைமுகம் முழுக்க அதில் கேட்கும்.

வெகுநேரம் கரகரவென்ற இரைச்சல்தான் வந்தது. முட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. துடைத்த குழாயையே மறுபடி துடைத்தாள். ‘பாருடா, நல்லாப் பாரு’ என்று மனசு அடித்துக்கொண்டது.

பிறகு தம்பியின் குரல் வந்தது. “மூக்கு வழுக்குது. திரும்பறேன்.”

ஆபீசிலிருந்து மேலாளரின் குரல் பாய்ந்தது. “என்னய்யா இது? திரையில அன்னிக்கு இருந்த அதே அளவுதானே இருக்கு? அன்னிக்குப் போனீங்களே! அன்னிக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்?”

ரேடியோவில் தம்பி மறுபடி வந்தான்.

“ஒரு வித்தியாசமும் இல்லை சார். அன்னிக்கும் வழுக்கத்தான் செஞ்சுது.”

அக்கா குழாயைக் கீழே போட்டுவிட்டு டீசல் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. இனி அவனுக்கும் வேலை இருக்குமோ என்னவோ என்ற பயம் ஒரு பக்கம். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டானே என்ற பெருமை ஒரு பக்கம்.

“காரணம் வேற வேணும்னா,” என்றான் தம்பி ரேடியோவில், “உங்க நாற்காலிக்குப் பின்னாடி மாட்டியிருக்கு. திரும்பிப் பாருங்க சார்.”

படகு வந்தது. அக்காதான் கயிற்றைப் பிடித்துக் கட்டினாள். டெக்னீஷியன்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வேணாம்க்கா என்று ஒரு வாரம் சொன்னவன், “இவரும் யூ-டர்ன்தான்க்கா, குடும்பத் தொழில் போல” என்றான். இறங்கியவர்கள் கலையவில்லை, டீசல் மேடையிலேயே ஹெல்மெட்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். தம்பி சாவியை நீட்டினான்.

“என்கிட்ட ஏன் நீட்டறே? என்கிட்டேருந்து வாங்கச் சொன்னவர்கிட்ட குடு.”

“அக்கா…”

“குடுத்துட்டு வா. டீ இருக்கு. இந்தத் தடவை கோப்பையில நிஜமாவே டீ இருக்கும்.”

சாவி ஆபீசுக்குப் போனது. அடுத்த நாள் காலை கூட்ட அறையில் மேலாளர் இரண்டு சாவிகளையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் தம்பியும் தன் சாவியைச் சேர்த்தே கொடுத்துவிட்டான். எதிரே ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. டெக்னீஷியன்கள் எல்லாரும் டீசல் மேடையில் இருந்தார்கள். வெளியூரிலிருந்து படகுக்காரரைக் கூப்பிடலாம்தான். ஏறுகிற ஆளை எங்கிருந்து கூப்பிடுவது?

அவர் எழுந்தார். மேடை துறைமுகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது, கார் போகாது. எதிர்க்காற்றில், முடி கலைந்து, சட்டை உப்பி, மனுஷன் நடந்தே வந்தார். வந்து இரண்டு சாவிகளையும் நீட்டினார். மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, தன்னுடையதை எடுத்தாள். மற்றதைத் தம்பி எடுத்துக்கொண்டான்.

“இன்னிக்கு… போகலாமாக்கா?” என்றார் மேலாளர்.

“மூக்கை வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள் அக்கா.