களத்துக்குக் கேட்காது என்று நினைத்துப் பாடினேன்

போன மாசி மாதம், எருத்தேன்பதியில் எங்கள் வீட்டுப் பின் அறையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு ஒரு பக்கம், கூச்சம் ஒரு பக்கம்!

எனக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் யாராவது கேட்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், தொண்டை அடைத்துக்கொள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு விசேஷத்தில் பாடச் சொன்னார்கள். முதல் வரியோடு சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு தனியாக இருக்கும்போது போனில் பாடிப் பதிவு செய்வதோடு சரி. கோயமுத்தூரில் ஒரு இசையமைப்பாளர் அம்மன் பாட்டு ஆல்பத்துக்குப் புதுக்குரல் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, அப்படி ஒன்றைத் துணிந்து அனுப்பிவிட்டேன். மறுநாளே போன்! குரல் பிடித்திருக்கிறதாம். ஆனால் கிணற்றுக்குள் நின்று பாடியது போல அறை எதிரொலிக்கிறதாம், பின்னால் யாரோ டொக்கு டொக்கென்று தட்டுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சுத்தமாகப் பாடி அனுப்புங்கள், இல்லையென்றால் வேறு குரலை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த டொக்கு டொக்கு எனக்குப் பழகிய சத்தம்தான். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிக் கொப்பரைக் களம். காய்ந்த தேங்காய் மூடிகளைத் தட்டித் தட்டிப் பருப்பை எடுக்கும் பெண்கள் நாள் முழுக்க அங்கேதான் இருப்பார்கள்.

அன்று ராத்திரியே வீடியோக்களைப் பார்த்து சுவரில் சாத்திச் சத்தத்தை அடக்கும் அக்கூஸ்டிக் பேனல் செய்வதென்று முடிவு கட்டினேன். அதில் அடைக்கச் சொன்ன சாமானெல்லாம் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன, தென்னை நாருக்கா இங்கே பஞ்சம்? வீட்டுக்காரர் கட்டையை அறுத்துச் சட்டம் அடித்துக் கொடுத்தார். தேங்காய் நார் மில்லிலிருந்து கொண்டுவந்ததை உதறி, வெயிலில் காயவைத்து, நான்கு விரல் கனத்துக்கு அடைத்து, பின்னால் சாக்கும் முன்னால் பழைய நூல் சேலையும் இழுத்துக் கட்டி ஆணி அடித்தோம். இரண்டு பேருக்கும் தும்மல் நிற்கவே இல்லை. "மாட்டுக்குக்கூட நான் இப்பிடி மெத்தை போட்டதில்லை அம்மிணி" என்று அவர் வேறு கிண்டல்.

பேனல்களைச் சுவரோடு சாத்திவிட்டு நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் ங்ங்ங் என்று இழுக்கும் அறை, தட்டின சத்தத்தோடு கப்பென்று அடங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை! வீட்டுக்காரரை இழுத்துவந்து அவரையும் கைதட்ட வைத்தேன்.

முதல் நாள் மத்தியானம் பாட ஆரம்பித்ததும் களத்துச் சத்தம் கேட்டது. "இந்தத் தட்டலுக்கு ஒரு முடிவே இல்லையா" என்று எரிச்சலில் கத்திவிட்டுக் கதவிடுக்கில் சாக்கைச் செருகினேன். சத்தம் நின்றுவிட்டது. அடுத்தடுத்த நாட்களிலும் நான் பாடும்போது ஒரு தட்டல் கிடையாது. நார் வேலை செய்கிறது! உள்ளே இருந்து வெளியேயும் ஒன்றும் போகாது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அந்தத் தைரியத்தில் குரலைத் திறந்து பாடினேன். கடைசிச் சரணத்தின் உச்சி மட்டும் தினமும் உடைந்துகொண்டே இருந்தது. உடையும்போதெல்லாம் என்னையே வாய்விட்டுத் திட்டிக்கொள்வேன்.

சனிக்கிழமை பாதியில் நார்த்தூசி ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் வந்தேன். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் களத்துப் பெண்கள் எல்லாரும் கையில் டம்ளரோடு, பேச்சு மூச்சு காட்டாமல் எங்கள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இன்னைக்கு அந்தக் கடேசி அடி பாடலீங்களா?"

விசாரித்தால், முதல் நாளிலிருந்தே அத்தனையும் கேட்டிருக்கிறது. பாட்டு மட்டுமா, நான் கத்தியதும்தான். அதைக் கேட்டுத்தான், பாவம் ஏதோ பதிவு பண்ணுது போல என்று சுத்தியலைக் கீழே வைத்திருக்கிறார்கள். "அதுக்கப்புறம் உங்க பாட்டு நேரத்துக்கே சாயாக் குடியை மாத்திக்கிட்டோமுங்க" என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். நார் குடித்ததெல்லாம் அறைக்குள் சுற்றும் எதிரொலியைத்தான். உள்ளே வரும் சத்தத்தையோ வெளியே போகும் சத்தத்தையோ அது தடுக்கவே இல்லை. தடுத்தது இவர்கள்!

அசடு வழிய ஏதோ சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். போன் முன்னால் நின்றால், பயந்தபடியே காற்றுதான் வருகிறது. அடுத்த நாள் கெடு. வெளியே ஒரு டம்ளர் சத்தம்கூட இல்லை. எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் தோன்றியது: என் குரல் உடைந்ததைத் தினமும் கேட்டவர்கள்தானே இவர்கள்? கேட்டுவிட்டு மறுநாளும் கையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள்தானே? இவர்களிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது? கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன் பாருங்கள், கடைசிச் சரணத்தை! உச்சி ஒரு பிசிறில்லாமல் நின்றது.

பாட்டை முடித்துப் பதிவை நிறுத்தினேன். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே அக்காவின் குரல் வந்தது. "வந்துருச்சுங்க அம்மிணி." அதற்குப் பிறகுதான் எல்லாச் சுத்தியலும் தட்ட ஆரம்பித்தன.

அன்றைக்கே அனுப்பினேன், பாட்டு எனக்கே கிடைத்தது. இப்போதெல்லாம் பாடுவதற்கு முன் நானே பின்சுவர் வரை போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். யாருக்கும் கேட்காது என்று நான் நம்பியிருந்த அந்த நாட்களில்தான், வேலையை நிறுத்திவைத்துவிட்டு என்னை அத்தனை பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.