தொண்ணூற்றொரு கிலோ நானூறு கிராம்

என் மருமகனுக்குக் கடையில் வைத்த பெயர் முள்ளு. தராசு முள்ளைப் போல நடுவில் நின்றுவிட்டால் எந்தப் பக்கமும் சாயமாட்டார். முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, கொடுத்த தண்ணீரைக் குடிக்கும் முன், சமையலறைத் தராசு பதினைந்து கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று சொன்னவர். அது என் மகளுக்குப் பிடித்துப்போயிற்று.

தராசு பழுதுபார்க்கும் கடையில் அவர் ஒன்பது ஆண்டு இரண்டு மாதம் வேலை பார்த்தார். அதே கடையில் எடைக்கல் பதிவேடு எழுதியவன் நான். அலமாரியிலிருந்து எடைக்கல் வெளியே போனால் யார் எடுத்தார், எத்தனை, எப்போது திரும்பி வந்தது என்று எழுதவேண்டும். ஓய்வுபெற்றபோது நகல்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அவர் வேலை போனது ஒரு புதன்கிழமை, காலை 11.20 மணிக்கு. சரிசெய்து முடித்த மேடைத் தராசின் மேல் முதலாளி தோள்பையும் தானுமாக விளையாட்டாக ஏறி நின்றார். கடையில் ஆறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"எழுபத்தெட்டு இருக்கும், பாரு."

முள்ளு குனிந்து பார்த்தார். வாசலுக்கும் கேட்கும்படி, "தொண்ணூத்தொண்ணு புள்ளி நாலு" என்றார்.

"தராசு தப்பு."

"தராசு சரி, முதலாளி."

"அப்ப நான் தப்பா?"

"தராசு சரி, முதலாளி."

அதன் பிறகு முள்ளு எங்கு வேலை கேட்டாலும் பழைய முதலாளியிடம் விசாரித்தார்கள். அவரோ, "அப்படி ஒருத்தர் இருந்தாரா? ஞாபகம் இல்லையே" என்று சொல்லிவிடுவார். மூன்று வேலைகள் அப்படியே கைநழுவின. நான்காவது ஒரு மருந்துத் தொழிற்சாலை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பழைய முதலாளியிடம் தொலைபேசியில் பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"போய், தராசு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றாள் மகள்.

"அரை கிராம்கூடப் பிசகாத தராசும்மா அது" என்றார் முள்ளு.

அன்று இரவு நகல்களைப் புரட்டினேன். அந்தப் புதன்கிழமைக்கு நேரே என் கையெழுத்திலேயே இருந்தது: ஐந்து கிலோ எடைக்கல் இரண்டு, எடுத்தவர் முதலாளி, 11.05, திரும்பியது, 11.40. வாடிக்கையாளர் கடைக்குக் கொண்டுபோகத் தோள்பையில் கல்லைப் போட்டுக்கொண்டவர், அதோடே தராசில் ஏறியிருக்கிறார். முள்ளுவிடம் நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் வழியிலேயே நாலு பேருக்கு விளக்குவார்.

வெள்ளிக்கிழமை 3.25க்கு இருவரும் கடைக்குள் நுழைந்தோம். தோள்பை சுவர் ஆணியில் தொங்கியது. நான் நகலை எடுப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"வாங்க பெரியவரே. மாப்பிள்ளைக்குச் சிபாரிசா? அந்தப் பொய்த் தராசு இன்னும் மூலையிலதான் கிடக்கு."

"ஏறிப் பாருங்க, முதலாளி" என்றார் முள்ளு.

முதலாளி செருப்பைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார், கொஞ்சம் யோசித்து மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டு ஏறினார்.

"எண்பத்து நாலு புள்ளி ஆறு."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அன்னைக்கு எவ்வளவு சொன்னே?"

"தொண்ணூத்தொண்ணு புள்ளி நாலு."

"ஏழு கிலோ இறங்கியிருக்கேன்யா. சாயங்காலம் நடக்கிறது வீண்போகல. என் வீட்டுக்காரி நம்பவே மாட்டேங்கிறா."

"ஆறு புள்ளி எட்..."

நான் மருமகனின் காலை மிதித்தேன். நகலை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன். கையிலிருந்த பதிவைப் படித்துக் காட்டாமல் விட்டது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

சரியாக 4.03க்குத் தொலைபேசி மணி அடித்தது.

"அவரா? என்னமா ஞாபகம் இருக்கு. அவர் கையில தராசு பொய் சொல்லாதுங்க. அதுக்கு நானே சாட்சி, ஏழு கிலோ குறைஞ்சிருக்கேன்."

திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் ஆபத்தில்லை என்று எண்ணி நகலைக் காட்டினேன். முள்ளு விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"அப்ப அன்னைக்கு எண்பத்தொண்ணு புள்ளி நாலு. மூணு கிலோ இருநூறு கூடியிருக்காரு, மாமா. பாவம், ஏமாந்துட்டு இருக்காரு. ஒரு நடை போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"அப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, மகள் அவருடைய செருப்பு, காலணி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பூட்டியது வெள்ளி மாலை 6.10. திருப்பிக் கொடுத்தது திங்கள் காலை 8.15, தொழிற்சாலை வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு.